தரிசு போட்ட நாக்கு

இன்னும் விளக்கு வைக்கவில்லை. என் மனைவி கமலவேணி விளக்கு வைக்கட்டும், அதுவரைக்கும் தொடமாட்டேன். அது என் சட்டம், யாரும் போட்டதில்லை, நானே போட்டுக்கொண்டது. டீப்பாயில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், பக்கத்தில் சின்னச் செம்பில் சிறுவாணித் தண்ணீர், பாட்டில் பீரோவுக்குள். சவரம் செய்த கன்னம் எரிகிறது. ஒரு மண்டலம் வளர்ந்த தாடி இன்றைக்கு மத்தியானம்தான் போயிற்று, கோயிலில் குருசாமி என் கழுத்திலிருந்து ஐயப்பன் மாலையைக் கழற்றிக் கையில் கொடுத்த கையோடு நேரே சலூனுக்குத்தான் போனேன். துளசிமணி கிடந்த இடம் மட்டும் லேசாக அரிக்கிறது, கை தானாக அங்கே போய் ஒன்றுமில்லாததைத் தடவிவிட்டுத் திரும்பி வருகிறது. காலையிலிருந்து இரண்டு தடவை பல் தேய்த்துவிட்டேன், பேஸ்ட் போடாமல், வெறும் பிரஷ்ஷில், பேஸ்டின் காரம் நாக்கில் ஒட்டிக்கொண்டால் எல்லாம் பாழ். மத்தியானம் வெறும் தயிர்சோறு. ஊறுகாய் வேண்டாம் என்றதும் அவள் முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது பாருங்கள், மாலையைக் கழற்றின பிறகும் இவர் விரதத்தை விடவில்லையே என்று. எனக்குச் சிரிப்பு வந்தது, தயிரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். நான் நாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். விரதம் இருந்தது நானில்லை, நாக்கு. இன்றைக்குச் சாயங்காலம் அதற்குத்தான் மலை, அதற்குத்தான் தரிசனம்.

கொஞ்ச நாள் குடிக்கப்போவதில்லை என்று இந்தக் கோயமுத்தூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஏன், சுகரா, லிவரா, டாக்டர் என்ன சொன்னார், பொண்டாட்டி சத்தியம் வாங்கிட்டாளா, ஒண்ணே ஒண்ணு போடப்பா, ஒண்ணுல என்ன ஆகிடப்போகுது. விடமாட்டார்கள். வாயைப் பிளந்து ஊற்றுவார்கள். அதே ஆட்கள், கழுத்தில் ஒரு மாலையும் இடுப்பில் ஒரு கருப்பு வேட்டியும் இருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி என்று கும்பிடுகிறார்கள். கிளப்பில் எனக்கு வழக்கமாக ஊற்றித் தருகிற ஆள்கூட ஒரு நாள் என்னைக் கேட்டுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஒரு மனிதன் எந்தக் கேள்வியும் இல்லாமல் குடியை நிறுத்திவைக்க இந்த நாட்டில் இது ஒன்றுதான் வழி. மற்றவர்கள் பயந்துகொண்டு போடுகிறார்கள், வேண்டுதலுக்குப் போடுகிறார்கள், மாலை கழற்றின சாயங்காலமே கடை வாசலில் நெரிசலில் நிற்கிறார்கள், தாகத்துக்கு மாடு தொட்டிக்குப் போகிற மாதிரி. விட்ட இடத்தில் தொடுகிறார்கள், அவ்வளவுதான். நான் அந்தக் கூட்டமில்லை. ஒரு போகம் சும்மா போட்டால் அடுத்த போகம் மண் கொட்டிக்கொடுக்கும், விவசாயம் தெரிந்தவனைக் கேட்டுப் பாருங்கள். நாக்கும் அப்படித்தான். பச்சைத் தண்ணீரில் குளித்து, தரையில் பாய்போட்டுப் படுத்து, உப்பும் புளியும் குறைத்து, தரிசாகக் கிடந்து கிடந்து, நீலிமலை ஏற்றத்தில் மூச்சு வாங்க எல்லாரும் சரணம் சரணம் என்று கத்தியபோது நானும் கத்தினேன். குரலில் பக்தி இருந்தது. எதன்மேல் என்பது என் விஷயம்.

இந்த யோசனை சும்மா வந்ததில்லை. பயத்தில் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்க யாருமில்லை. சில வருசம் முன்னால் ஒரு சாயங்காலம், இதே நாற்காலி, இதே டம்ளர், நல்ல சரக்கு, துபாயிலிருந்து பழைய டீலர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு வாய் வைத்தேன். ஒன்றுமில்லை. சூடு இருந்தது, எரிச்சல் இருந்தது, ருசி இல்லை. இன்னொரு வாய். இல்லை. பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தேன், படித்தால் ருசி வந்துவிடும் என்பதுபோல. பம்ப்செட் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜராக இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சரக்கு என்று சொல்லிப் பந்தயத்தில் ஜெயித்தவன் நான், தெய்வசிகாமணிக்கு மூக்கிலும் நாக்கு என்பார்கள். அன்றைக்கு எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது, அதுதான் வேண்டாத ஞாபகம். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவர் எதைக் கொடுத்தாலும் உப்பில்லை என்றார். கஞ்சியில் உப்பில்லை, இளநீரில் உப்பில்லை, கடைசியில் வாயில் வைத்த தீர்த்தத்தையும் உப்பில்லை என்று துப்பினார். நாக்கு முதலில் செத்தது, மனுசன் பிறகு செத்தார். நாக்கை வெளியே நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன், வெள்ளையாகப் படிந்திருந்தது, தரையில் காய்ந்த கோலப்பொடி மாதிரி. ருசி தெரிகிறவன் குடிக்கிறான், ருசி தெரியாதவன்தான் குடிகாரன். நான் குடிகாரன் ஆகிவிடுவேனோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன். அடுத்த கார்த்திகையில் மாலை போட்டேன். கழற்றின அன்றைக்கு ஒரு வாய் வைத்தேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து வருசா வருசம்.

உள்ளே பீரோ திறக்கிற சத்தம், அவள் அறையில். துணி மடிக்கிறாள் போல. கருப்பு வேட்டிகளை அடுத்த வருசத்துக்கு மடித்து வைக்கிறாளாக இருக்கும், துவைத்துக் காய்ந்துவிட்டதா அதற்குள், பனிக்காற்றுக்குக் காய்ந்திருக்காதே. எதையாவது மடித்துக்கொண்டே இருப்பாள், அது அவள் சுபாவம். இன்றைக்கு அவள் காதெல்லாம் இந்த ஹாலில்தான் இருக்கும். காலையில் வேனைவிட்டு இறங்கினதுமே கேட்டாள், சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா என்று. மாலை கழுத்தில் இருக்கிறவரைக்கும் புருசனையும் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும், அது ஒரு முறை. கேளு என்றேன். "கோகிலா கேக்கறாளுங்க. பிரசவத்துக்கு இங்க வர்றதா வேண்டாமான்னு. அப்பா இனி குடிக்காம இருப்பாராம்மா, நிச்சயமாத் தெரிஞ்சா வர்றேன்னு சொல்றாளுங்க. நான் என்னனு சொல்லட்டும்?" பார்க்கலாம் என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். ஆமாம் என்றால் அவளுக்கு நிம்மதி, இல்லை என்றால் அழுது தீர்த்துவிடுவாள், பார்க்கலாம் என்றால் நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கோயிலில், சலூனிலிருந்து வந்தபோது, சோறு போடும்போது, என் கையை, என் வாயை. மகள் கோகிலவாணி நிச்சயதார்த்தத்திலிருந்து இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை, கல்யாணம்கூட அவள் தாய்மாமன் மண்டபம் பிடித்து நடத்தியது. அப்படி நான் என்ன செய்தேன். தள்ளாடினேனா, வாந்தி எடுத்தேனா, யாரையாவது அடித்தேனா. ரெண்டு பெக் போட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மிதாங்க, அதைப் பவுன்ல சரிக்கட்டியிருக்கேன், எடை சரியா இருக்கான்னு நீங்களே பார்த்துக்குங்க. எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோகிலாவைத் தவிர, இவளைத் தவிர, எல்லாரும். நல்ல வார்த்தை அது. இடம் பார்த்து விழுந்த வார்த்தை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான், அவனுக்கு ரசனை கிடையாது.

எழுந்தேன். ஹாலில் இருக்கிற என் பீரோவைத் திறந்தேன், சாவி சத்தம் கேட்கிற மாதிரி. உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றது. எனக்குத் தெரியும் நிற்கும் என்று. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தேன் நிறம், சீல் உடைக்காதது. டீப்பாயில் வைத்தேன், கண்ணாடியில் கண்ணாடி இடிக்கிற மாதிரி கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். அறையில் மூச்சுகூட இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி பாட்டிலை எடுத்து பீரோவுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினேன். சாத்தியதும் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு, துணி மடிக்கிற சத்தம் மறுபடி. அப்பனே. ஒரு மனுசியை ஒரு கதவைத் திறந்து மூடியே இப்படி ஆட்டிவைக்க முடிகிறது, எவ்வளவு சுலபமாகச் செய்திருக்கிறார்கள் பெண்களை. இன்னொரு தடவை செய்யலாமா என்று யோசித்தேன். செய்தேன். இரண்டாவது தடவை சத்தம் நிற்கவில்லை, மடித்துக்கொண்டே இருந்தாள். கேட்கவில்லை போலிருக்கிறது. அல்லது கேட்காத மாதிரி இருக்கிறாள், அதுவும் பழக்கம்தான். இந்தத் தடவை பாட்டிலை உள்ளே வைக்கவில்லை, டீப்பாயிலேயே நிற்கட்டும். ஊற்றாமல் இருக்கலாமா. இருக்கலாம். அதுதான் வேடிக்கை, இருக்கலாம். இன்றைக்கு வேண்டாம், கோகிலா வரட்டும், பிள்ளை பெறட்டும், மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகட்டும், பிறகு ஊற்றலாம், அதுவரை தரிசு நீண்டால் போகம் இன்னும் பலமாகத்தானே இருக்கும். கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் நாக்கு ஊறுகிறது. நாக்கின் ரெண்டு ஓரத்திலும், தாடைக்குக் கீழே, வலிக்கிற மாதிரி ஊறுகிறது. இந்த ஊறலைத் தள்ளிப்போட்டால் அது திரும்பி வருமா. அப்பாவின் வாய் ஞாபகம் வருகிறது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் எனக்கும் உப்பில்லை என்று ஆகிவிட்டால்.

நான் ஒரு நாளும் கைநீட்டியதில்லை, அதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடித்தால் எனக்குக் கை வராது, வார்த்தைதான் வரும். கல்யாணமான புதிதில் நேருக்கு நேர் உட்கார்த்திவைத்துப் பேசுவேன், அழுவாள், அழுகை வார்த்தையைக் கெடுத்துவிடும். பிறகு ஒரு நாள் நான் பாட்டிலைத் திறந்ததும் எழுந்து சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்பக்கம் கொண்டியைப் போட்டுக்கொண்டாள். டக். முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று. மூடின கதவுக்குப் பேசுவது போல ஒன்று கிடையாது. குறுக்கே பேசாது, அழாது, மூஞ்சியைக் காட்டாது, ஆனால் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது, நிச்சயமாக இருக்கிறது. முப்பது வருசமாக அந்தக் கதவுக்குப் பேசியிருக்கிறேன். அவள் சமையலை, அவள் அண்ணன்மாரை, அவள் நடையை, ஆண்பிள்ளை பெறாததை. கத்திப் பேசமாட்டேன், நிதானமாக, ஒரு வாய் குடித்து ஒரு வாக்கியம், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவேன். அவள் உள்ளே உட்கார்ந்து விளக்குத் திரி உருட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன், மளிகைச் சாமானில் மாதாமாதம் பஞ்சுப் பொட்டலம் ஒன்று இருக்கும். ஒரு விளக்குக்கு இத்தனை பஞ்சு எதுக்கு அம்மிணி என்றால், திரிக்குத்தானுங்க என்பாள். காலையில் எதுவுமே நடக்காத மாதிரி காப்பி கொண்டுவந்து வைப்பாள். முகத்தில் ஒரு கோடு இருக்காது. என்ன பொறுமை இவளுக்கு என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூர்மையாகச் சொல்லிப் பார்ப்பேன். விரதத்தில் நான் ஏங்கியது விஸ்கிக்கு மட்டுமில்லை, அந்த டக் சத்தத்துக்கும்தான். பாயில் படுத்துக்கொண்டு இந்த வருசத்து முதல் வாக்கியத்தைத் தயார் செய்தேன், மாற்றி மாற்றி, கடைசியில் வேனில் வரும்போது சரியாக அமைந்தது. சாமி மலையேறிருச்சு அம்மிணி, இனி புருசன் பேசறேன். வேனிலேயே சிரித்துவிட்டேன், பக்கத்து சாமி என்ன சாமி என்று கேட்டது.

என் விரதம் எதற்கு என்பது அவளுக்கு இன்றைக்கு மத்தியானமே பாதி தெரிந்துவிட்டது, கோயிலில். குருசாமி ரத்தினவேல் மாலையைக் கழற்றிவிட்டு என் தோளைத் தொட்டு, சாமி, இத்தனை நாள் இருந்தீங்களே, இத்தோட விட்டுருங்க சாமி, அந்தம்மா முகத்தைப் பாருங்க என்றார். நல்ல மனுசன், விஷயம் தெரியாதவர். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. விடறதுக்கா சாமி மாலை போட்டேன், ருசிக்குத்தான் போட்டேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், தரிசு, போகம், ஊறல். என்னால எப்ப வேணும்னாலும் நிறுத்த முடியும் சாமி, ஒரு கஷ்டமும் இல்லை, கை நடுங்காது, தூக்கம் கெடாது, நிறுத்தறதே திரும்பத் தொடறதுக்குத்தான் என்றேன். ரத்தினவேல் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே இவள் உடைத்த தேங்காயோடு தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் நிற்பது எனக்கு முன்னமே தெரியும், கொலுசு போடாவிட்டாலும் அவள் வந்து நிற்பது தெரியும். தெரிந்துதான் சொன்னேன், நாலு பேர் நடுவில் கேட்டால் அதற்குத் தனி ருசி. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. தேங்காய் மூடியில் ஒரு துண்டு கீறி எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றுகொண்டிருந்தாள், பசி போல.

விளக்கு வைத்துவிட்டாள். தீக்குச்சி கிழிக்கிற சத்தம், எண்ணெய் வாசம். ஹாலில் மஞ்சள் வெளிச்சம் ஒரு ஓரமாக வந்து நின்றது. டம்ளரை நிமிர்த்தினேன், சீலை உடைத்தேன், ஊற்றினேன். நாலு சொட்டு சிறுவாணி. மூக்குக்குக் கொண்டுபோனேன். புகை, அயோடின், ஈர மண், கடைசியில் மெல்ல ஒரு உப்பு. இருக்கிறது, உப்பு இருக்கிறது. வாயில் வைக்கவில்லை, முதலில் கொண்டிச் சத்தம் கேட்கட்டும். அவள் பூஜை அலமாரியிலிருந்து திரும்பி என் கையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். சமையல்கட்டுக்குப் போகவில்லை. அறைக்குள் போய் ஒரு சூட்கேஸோடு வந்தாள், கோகிலாவின் பழைய காலேஜ் சூட்கேஸ், அதுதான் அவ்வளவு நேரம் மடித்தது. "எங்க?" என்றேன். "கோகிலாகிட்டங்க. மாப்பிள்ளை காரு தெருமுனையில நிக்குது. உள்ள வர மாட்டேன்னுட்டாரு." எப்ப வருவே என்று கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எப்ப வருவே என்று கேட்டுவிட்டேன். அவள் சூட்கேஸைக் கீழே வைத்தாள். "பொட்டியைக் கட்டி வெச்சுட்டுத்தானுங்க விளக்கேத்தினேன். நீங்க ஊத்தலைன்னா பிரிச்சு மறுபடி பீரோவுல அடுக்கியிருப்பேன்." இதை மிரட்டலாகச் சொல்லியிருந்தால் பதில் இருந்தது என்னிடம். சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "இத்தனை வருசமா எல்லாருகிட்டயும் ஒண்ணுதானுங்க சொன்னேன். அவரால முடியறதில்ல, அது ஒரு நோவு, பாவம்னு. எங்கம்மாகிட்ட, கோகிலாகிட்ட, எனக்கே அதைத்தான் சொல்லிக்கிட்டேன். நோவுக்காரரை விட்டுட்டுப் போகக்கூடாதுல்லங்க. இன்னிக்குக் கோயில்ல நீங்களே சொல்லிட்டீங்க, முடியுதுன்னு. நோவு ஒண்ணுமில்லைன்னு. எனக்குக் கோவமே வரலீங்க. லேசாகிப் போச்சு." டம்ளரை டீப்பாயில் வைத்தேன். "அப்பறம், நீங்க மாலை போட்டிருந்த நாளெல்லாம் எனக்குப் புருசன் இல்லீங்க. ஊட்டுல ஒரு சாமி இருந்தாரு, அவருக்குச் சோறாக்கிப் போட்டேன், தனியாப் படுத்தேன், தூங்கினேன். நல்லா இருந்துதுங்க. சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு." போறதுன்னா மலையிலிருந்து கொண்டுவந்த அந்த அரவணைப் பாயச டின்னையும் தூக்கிட்டுப் போ, உம்மகளுக்கு நாக்காவது இனிக்கட்டும் என்றேன். "எடுத்துட்டனுங்க" என்றாள். வாசல் நிலையில் நின்று செருப்பு மாட்டினாள். "வர்றனுங்க சாமி." கேட்டைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

போகட்டும். எத்தனை நாள். பிரசவம், அப்புறம் பேர் வைக்கிறது, அப்புறம் வருவாள். மாப்பிள்ளை வீட்டில் எத்தனை நாள் சோறு போடுவார்கள் மாமியாருக்கு. நான் இப்போது இதை யோசிக்கக்கூடாது, யோசனை ருசியைக் கெடுக்கும். டம்ளரை எடுத்தேன். ஒரு வாய். நாக்கின் நடுவில் வைத்து, ஓரங்களுக்கு விட்டு, மெல்ல உள்ளே. பலித்துவிட்டது. எல்லாம் இருக்கிறது, ஒன்றுவிடாமல், புகை முதலில் வந்து புகை போன பிறகு தித்திப்பு வந்து தித்திப்புக்கு அடியில் அந்த உப்பு. இப்படி ஒரு வாய் இந்த வாழ்க்கையில் நான் குடித்ததில்லை. இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு, ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. திறந்த கதவுக்கு எப்படிப் பேசுவது. சாமி, என்று ஆரம்பித்தேன், நின்றுவிட்டது. இரண்டாவது வாய் குடித்தேன். ருசி இருந்தது, அதே ருசி, ஒன்றும் குறையவில்லை, ஆனால் வாயோடு நின்றுவிட்டது, கீழே போகவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். காற்றுக்கு அது மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினேன். மறுபடி திறந்தது. கொண்டி போட்டால்தான் நிற்கும், கொண்டி உள்பக்கம் இருக்கிறது. இதற்குப் பெரிய யோசனை என்ன வேண்டிக்கிடக்கிறது, அந்தச் சத்தம்தானே வேண்டும், ஒரு தடவை கேட்டால் போதும், கேட்டுவிட்டு வந்து மூன்றாவது வாய். உள்ளே போனேன், லைட்டைப் போட்டேன், கதவைச் சாத்தினேன், கொண்டியைப் போட்டேன். டக்.

அதே சத்தம்தான். இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. டம்ளர் அந்தப் பக்கம் இருக்கிறது, நான் இந்தப் பக்கம். உடனே திறந்துகொண்டு போயிருக்கலாம், போகவில்லை, ஹாலில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றியது, நாற்காலியில், நிமிர்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு. முட்டாள்தனம். கதவுக்குப் பக்கத்தில் அவளுடைய முக்காலி கிடந்தது. உட்கார்ந்தேன், முட்டி அலமாரியில் இடித்தது, அவள் உயரத்துக்கு ஏற்ற இடம். கை எட்டுகிற தட்டில் கடுகு டப்பா, பக்கத்தில் ஒரு குட்டி எவர்சில்வர் கிண்ணம், மூடி போட்டது. திரியாக இருக்கும் என்று திறந்தேன். பஞ்சுதான். திரி இல்லை. திரி நீளமாக இருக்கும். இவை உருண்டை, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் கூர்ந்து, ஜோடி ஜோடியாக, சில புதிது, சில மஞ்சளேறினது. எண்ணெய் வாசம் இல்லை. ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினேன், உருட்டும்போதே தெரிந்துவிட்டது, ஆனாலும் தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து. ஆரம்பத்திலிருந்தேவா, பாதியிலிருந்தா. அவள் அப்பன் செத்த வாரம் இந்தக் கதவுக்கு எவ்வளவு நேரம் பேசினேன், தொண்டை கட்டிக்கொண்டது, அதுகூடவா. மாதாமாதம் பொட்டலம். திரிக்குத்தானுங்க. அதனால்தான் காலையில் முகத்தில் ஒரு கோடு இல்லை. பொறுமையாம் பொறுமை. இல்லை, கேட்டிருக்கும், பஞ்சு என்ன சுவரா, கேட்காமல் இருக்காது, வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டை எடுத்துக் காதில் வைத்து அழுத்தினேன். அவள் காதுக்கு உருட்டியது, சரியாகப் பொருந்தவில்லை, இன்னும் அழுத்தினேன். ஃப்ரிட்ஜ் நின்றுபோயிற்று. தெரு நின்றுபோயிற்று. கதவைப் பார்த்துக்கொண்டு, சாமி மலையேறிருச்சு அம்மிணி, இனி புருசன் பேசறேன் என்றேன். மண்டைக்குள் என் குரல் மட்டும் பெரிதாக இடித்தது, வெளியே போயிற்றா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு, வழக்கம்போல, இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன்.